முதல் பாகத்தில் கோல் போட்டாச்சு, இனி பெஞ்சில் உட்காரட்டும்

கால்பந்துப் படத்தின் இரண்டாம் பாகத்துக்காகப் புதுச்சேரியிலும் கடலூரிலும் இடம் பார்த்துக்கொண்டிருக்கும் இயக்குநர், வசனகர்த்தா, ஒளிப்பதிவாளர், தயாரிப்பு நிர்வாகிகள் அனைவருக்கும்,

வணக்கம்.

புதுச்சேரி உப்பளத்திலும் கடலூர் மஞ்சக்குப்பத்திலும் பயிற்சி கொடுப்பவர்கள், விசில் ஊதுபவர்கள், கோடு போடுபவர்கள், முட்டிக்கு டேப் சுற்றுபவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. முதல் பாகத்தில் குப்பத்துப் பையன் பெரிய கிளப்புக்குத் தேர்வானான், கடைசி நிமிடத்தில் கோல் அடித்தான், மேளதாளத்தோடு ஊர் திரும்பினான். சரி. இரண்டாம் பாகத்தில் அவன் மாதச் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரன் என்கிறீர்கள். அங்கேதான் எங்களுக்குக் கவலை. கிளப்புக்குள் நுழைவதைக் காட்ட ஒரு கோல் போதும். உள்ளே நிலைப்பதைக் காட்ட ஒப்பந்தத் தாள் தெரிந்திருக்க வேண்டும், முட்டி எப்படிப் போகும், எப்படி வரும் என்று தெரிந்திருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக பெஞ்ச் தெரிந்திருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் வந்த ‘கோல்’ வரிசையைப் பார்த்திருப்பீர்கள். 2005ல் நியூகாசில் யுனைடெட்டில் சேர்ந்த சாண்டியாகோ, 2007ல் வந்த இரண்டாம் பாகத்தில் ரியல் மாட்ரிட்டுக்குப் போய்விடுவான். அவர்களுக்கு ஃபிஃபாவின் ஒத்துழைப்பு இருந்தது, பெக்காமும் ஸிடேனும் திரையில் வந்து நின்றார்கள். மூன்றாம் பாகத்துக்குத் தியேட்டரே கிடைக்கவில்லை, 2009ல் நேராக டிவிடிக்குப் போனது. பெக்காம் வந்து நிற்கும் வசதி உங்களுக்குக் கிடையாது. உங்களிடம் இருக்கப்போவது விவரம் மட்டும்தான். அதனால்தான் இந்த மடல் கொஞ்சம் நீளம்.

வில்லனைத் தேடி அலைய வேண்டாம், ஒரு பிப் (பயிற்சியில் அணியைப் பிரித்துக் காட்டச் சட்டைக்கு மேல் போடும் கையில்லாத நிறச் சட்டை) மூட்டை போதும். மேட்சுக்கு முந்தைய நாள் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வார்ம் அப் முடிந்து பையன்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். உதவிப் பயிற்சியாளர் ஆரஞ்சு பிப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வருவார். மொத்தம் 10 பிப். கோலி (கோல்கீப்பர்) ஏற்கெனவே வேறு நிறச் சட்டையில் இருப்பதால் அவருக்குப் பிப் தேவையில்லை. யாரும் பட்டியல் வாசிக்க மாட்டார்கள், பெயர் சொல்லக்கூட மாட்டார்கள், ஒவ்வொருவர் மார்பிலும் ஒரு பிப்பைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி குனிந்துகொண்டு உங்கள் கதாநாயகன் எண்ணுகிறான். ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவது பிப் அவனைத் தாண்டிப் பக்கத்தில் நிற்பவனுக்குப் போகிறது. நாளைக்கு அவன் இறங்கவில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பின்னணி இசை போடாதீர்கள். பிப் மார்பில் படும் ‘பொத்’ சத்தம் பத்து முறை கேட்டாலே போதும்.

அதோடு முடியவில்லை. பிப் கிடைக்காதவர்கள் அடுத்த 30 நிமிடம் எதிரணியாக நடிக்க வேண்டும். நாளைக்கு எதிரே வரப்போகும் அணியின் விங்கர் (ஓரமாக ஓடி ஆடுபவர்) எப்படி உள்ளே வெட்டுவாரோ அப்படியே இவன் வெட்ட வேண்டும். முதல் 11 பேர் அவனை மடக்கிப் பழகுவார்கள். நன்றாக ஆடி அவர்களைத் தாண்டிப் போனால், ‘அவன் அப்படி ஆட மாட்டான்ப்பா, நீ அவன் மாதிரி ஆடு’ என்று பயிற்சியாளர் நிறுத்திவிடுவார். முதல் பாகத்தில் ஊரே கொண்டாடிய பையனுக்கு இதைவிடக் கனமான காட்சியை யாரும் எழுதித் தர முடியாது.

மேட்ச் அன்று பெஞ்சில் இருப்பவன் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டான். ஒரு 55வது நிமிடத்தில் ‘எழுந்து சூடு பண்ணு’ என்பார்கள். கோட்டுக்கு வெளியே குறுக்கும் நெடுக்குமாக ஓடுவான். 20 நிமிடம் ஓடிய பிறகு பயிற்சியாளர் வேறு ஒருவரைக் கூப்பிடுவார். வியர்வை காயும்வரை நின்றுவிட்டு மறுபடி வந்து உட்கார வேண்டும். ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள் வரை இறக்கலாம் என்றாலும், ஆட்டத்தை நிறுத்தி மாற்றம் செய்ய மூன்று வாய்ப்புதான், இடைவேளையில் செய்வது கணக்கில் வராது. மூன்றாவது வாய்ப்பும் தீர்ந்துவிட்டால், 80வது நிமிடத்தில் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாலும் உங்கள் ஆள் இறங்க முடியாது. இது தெரியாமல் ‘கடைசி நிமிடத்தில் கதாநாயகன் இறங்குகிறான்’ என்று எழுதினால் கேலரியில் இருக்கும் எட்டாம் வகுப்புப் பையன் சிரிப்பான்.

இனி ஒப்பந்தம். படங்களில் ஏஜெண்ட் போன் போட்டதும் ஆள் மறுநாள் வேறு கிளப் சட்டையில் நிற்கிறான். நடைமுறை அப்படி இல்லை. ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தம் அதிகபட்சம் 5 ஆண்டு, 18 வயதுக்குக் கீழே என்றால் 3 ஆண்டு. ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டக்காரனிடம் வேறு கிளப் பேச வேண்டுமானால் முதலில் அவனுடைய கிளப்புக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தம் முடிய 6 மாதம் இருக்கும்போதுதான் அவன் புதிய இடத்தில் கையெழுத்து போடலாம். நாடு விட்டு நாடு போனால் பழைய சம்மேளனம் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். அது வராதவரை பயிற்சி செய்யலாம், மேட்ச் ஆட முடியாது. ஒரு பருவத்தில் மூன்று கிளப்புகளில் பதிவு செய்துகொள்ளலாம், அதிகாரபூர்வ மேட்ச் ஆடுவது பொதுவாக இரண்டுக்குத்தான். ‘லோனில்’ (தற்காலிகமாக வேறு கிளப்புக்கு) போன பையன் அங்கேயும் பிடிக்காமல் மூன்றாவது கிளப்புக்குத் தாவி ஃபைனல் ஆடுவதாக எழுதிவிடாதீர்கள்.

உங்களுக்கு உதவக்கூடிய விதி ஒன்று உண்டு. நிலைபெற்ற ஆட்டக்காரன் ஒருவன் பருவம் முழுக்க கிளப் ஆடிய அதிகாரபூர்வ மேட்சுகளில் 10 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் இறக்கப்பட்டான் என்றால், ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேற அவனுக்கு வழி இருக்கிறது. பருவத்தின் கடைசி மேட்ச் முடிந்து 15 நாளுக்குள் அதைச் செய்துவிட வேண்டும், நஷ்ட ஈடு கொடுக்கவும் வேண்டி வரலாம். கிளப் 40 மேட்ச் ஆடியிருக்கிறது, இவன் 3 மேட்சில் இறங்கியிருக்கிறான். கடைசி மேட்சில் பயிற்சியாளர் இவனை 89வது நிமிடத்தில் இறக்குகிறார். கேலரி கை தட்டுகிறது. எண்ணிக்கை 4 ஆகிவிட்டது, 10 சதவீதத்துக்குக் குறைவு என்ற கணக்கு உடைந்துவிட்டது, அவனால் வெளியேற முடியாது. ஒரே ஒரு நிமிட ஆட்டம் ஒருவனைக் கட்டிப்போடும் காட்சி. நாங்கள் இலவசமாகத் தருகிறோம், எடுத்துக்கொள்ளுங்கள்.

சம்பளப் பாக்கி விஷயத்திலும் விதி தெளிவு. இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் கெடு வைக்க வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் ஆட்டக்காரன் தன் பக்கம் தவறில்லாமல் வெளியேறலாம். இந்தியாவில் இது கற்பனை இல்லை. 2025 ஜூலையில், ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) அடுத்த பருவம் நிறுத்தி வைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிய இருந்தது, புதுப்பிக்கப்படவில்லை. ஒப்பந்தம் கையில் இருக்க, உடம்பு நன்றாக இருக்க, ஆட லீக் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்த ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேர்.

இந்தப் பின்னணியில்தான் அம்மா பாத்திரத்தை எழுத வேண்டும். முதல் பாகத்து அம்மா ‘பந்து சோறு போடுமா’ என்றார். இரண்டாம் பாகத்து அம்மாவின் கேள்வி கூர்மையாக இருக்கும். தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, போலீஸ், வங்கி அணிகள் இருக்கின்றன. கடலூரிலிருந்து இந்திய அணிக்குப் போன இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கில் சென்னையில் காக்கிச் சட்டையில் பணி பார்த்தார். ஒரு வருட கிளப் ஒப்பந்தமா, ஓய்வு வயதுவரை சம்பளமா? எங்கள் ஊரில் திறமையான பையன் இருக்கும் வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சு நடக்கிறது, பெரும்பாலும் வேலைதான் ஜெயிக்கிறது. அம்மாவைத் தப்பானவராகக் காட்டாதீர்கள். அவர் கணக்கு சரி.

புதுச்சேரியில் எடுப்பதால் இன்னொன்று. கதாநாயகனின் தாத்தா சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்), வீட்டில் பிரெஞ்சு பாஸ்போர்ட், பையன் பிரான்சில் ஆடிவிட்டு வந்து இந்திய ஜெர்சி போடுகிறான் என்று கதை போவதாகக் காதில் விழுந்தது. பாதி சரி, பாதி நடக்காது. 1962ல் கைமாற்ற ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்க வைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே உண்டு. அந்தக் குடியுரிமையோடு பையன் பிரான்சுக்குப் போனால் வெளிநாட்டு ஆட்டக்காரர் என்ற கணக்கில் வர மாட்டான், அது பெரிய சாதகம். 18 வயதுக்குள் நாடு மாறுவதற்கு ஃபிஃபா தடை வைத்திருக்கிறது. ஆனால் பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகக் குடிபெயர்ந்தால் விலக்கு. அப்பாவுக்கு லியோனில் வேலை என்று ஒரு வரி போட்டால் போதும். இதுவரை சரி. இந்திய அணிக்குத்தான் சிக்கல். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டையை வைத்துக்கொண்டு தேசிய அணிக்கு ஆட முடியாது, இந்திய பாஸ்போர்ட் வேண்டும். ஜப்பானில் பிறந்த இசுமி அராட்டா இந்தியக் குடியுரிமை பெற்ற பிறகுதான் இந்தியாவுக்கு ஆடினார். உங்கள் பையன் பிரெஞ்சு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதோடு ஐரோப்பிய கிளப்பில் இருந்த சாதகமும் போய்விடும். தாத்தா உயிரைப் பணயம் வைத்து வாங்கிய பாஸ்போர்ட் அது. கதை அங்கே இருக்கிறது, மைதானத்தில் தேடாதீர்கள்.

பணம் சம்பந்தமாக ஒரு சின்ன விஷயம். ஒப்பந்தம் முடிவதற்குள் வெளிநாட்டு கிளப்புக்கு ஆட்டக்காரனை விற்றால் அந்தத் தொகையில் 5 சதவீதம், 12 வயதிலிருந்து 23 வயதுவரை அவனை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். 12 முதல் 15 வயதுவரை வருடத்துக்கு 0.25 சதவீதம், அதற்குப் பிறகு வருடத்துக்கு 0.5. கடலூரில் 12லிருந்து 17 வயதுவரை ஆடியவன் 1 கோடிக்குப் போனால் இங்கே இருக்கும் கிளப்புக்கு 2 லட்சம் வர வேண்டும். ஆனால் அந்த வருடங்களில் அவன் பெயர் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதி வைத்திருக்கும் கோச்சுக்கு ஒரு பைசா வராது. முதல் பாகத்தில் அந்தக் கோச்சைக் கடவுளாகக் காட்டியிருந்தீர்கள். இரண்டாம் பாகத்தில் அவர் அந்த நோட்டைப் புரட்டும் காட்சி இருந்தால் நன்றாக இருக்கும்.

காயத்துக்கு வருவோம். இதில்தான் சினிமா ரொம்பக் கெடுத்து வைத்திருக்கிறது. ஏ.சி.எல். (முட்டிக்குள் எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் லிகமென்ட்) கிழிவது பெரும்பாலும் யாரும் இடிக்காமலே நடக்கும். வேகமாக ஓடி வந்து ஒரு காலை ஊன்றித் திரும்புகிறான், முட்டி உள்பக்கமாக மடிகிறது, ‘டக்’ என்று ஒரு சத்தம், ஆட்டக்காரனுக்கே கேட்கும். ரத்தம் கிடையாது. கொஞ்ச நேரத்தில் எழுந்து நடந்துகூடப் பார்ப்பான். சில மணி நேரத்தில் முட்டி வீங்கிவிடும். வீக்கம் வற்றி, கால் முழுதாக நீட்ட வந்த பிறகுதான் பெரும்பாலும் ஆபரேஷன். தொடையின் பின்புறத் தசைநாரிலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாரிலிருந்தோ ஒரு துண்டு எடுத்துப் புதிய லிகமென்டாக வைப்பார்கள். நேர்கோட்டில் ஓட ஏறத்தாழ 3, 4 மாதம். மைதானத்துக்குத் திரும்ப 9 மாதம். அதற்கு முன்னால் இறங்கினால் மறுபடி கிழியும் ஆபத்து பல மடங்கு. ஒரு பாட்டுக்குள் தேறி ஃபைனல் ஆடுவது நடக்காத காரியம்.

அந்த 9 மாதத்தை எப்படிக் காட்டுவது என்று கேட்பீர்கள். ஒரு டெய்லர் டேப் வாங்குங்கள். முட்டிச் சில்லுக்கு 10 செ.மீ. மேலே பேனாவால் ஒரு கோடு போட்டு, அந்த இடத்தில் இரண்டு தொடையின் சுற்றளவையும் பிசியோ அளப்பார். ஆபரேஷன் ஆன தொடை இளைத்துப் போயிருக்கும். 3 செ.மீ. வித்தியாசம். சில வாரம் கழித்து மறுபடி அளப்பார். இரண்டரை. அதற்கு அடுத்த முறையும் இரண்டரை. அந்த ‘மறுபடியும் இரண்டரை’யில் பையனின் முகத்தைக் காட்டுங்கள். கடைசியில் ஒற்றைக் காலில் தாவும் சோதனை. நல்ல கால் தாண்டும் தூரத்தில் 90 சதவீதமாவது அடிபட்ட கால் தாண்ட வேண்டும். நல்ல கால் 160 செ.மீ. என்றால் இது 144 தொட வேண்டும். ஸ்டேடியம் நிறைய ஆள் வைத்து எடுக்கும் பெனால்டியைவிட ஓர் அறைக்குள் நடக்கும் அந்தத் தாவல் பதற்றமாக இருக்கும்.

‘ஊசி போட்டுக்கிட்டு இறங்குறேன் டாக்டர்’ வசனம் கட்டாயம் வைத்திருப்பீர்கள். மரத்துப்போகும் ஊசி என்றால் ஊக்கமருந்து விதியில் தடையில்லை. கார்ட்டிசோன் வகை ஊசி என்றால், 2022 ஜனவரி முதல் போட்டிக் காலத்தில் எந்த வழியாகப் போட்டாலும் தடை. டிராமடால் மாத்திரை 2024 ஜனவரி முதல் போட்டியில் தடை. நம்மூர்ப் பழக்கம் ஒன்றும் மாட்டும். மேட்சுக்கு முந்தைய இரவு சோர்வாக இருக்கிறது என்று மெடிக்கலில் படுத்து ட்ரிப்ஸ் ஏற்றிக்கொள்வது. மருத்துவமனைச் சிகிச்சையில் தேவை என்று இல்லாமல் 12 மணி நேரத்தில் 100 மி.லி.க்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவதே குற்றம், உள்ளே இருப்பது வெறும் குளுக்கோஸ் தண்ணீராக இருந்தாலும். பாட்டில் அரை லிட்டர். பாசத்தில் அம்மாவே கூட்டிக்கொண்டு போய் ஏற்றிவிட்டு, மறுநாள் பையன் சோதனைக் குழுவிடம் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவேளை விட்டுவிடலாம்.

மேட்ச் விதிகளில் வழக்கமாக வரும் தப்புகளை வேகமாகச் சொல்லிவிடுகிறோம். தலையில் ரத்தம் வடிய யாரும் ஆட முடியாது. வெளியே போய் ரத்தம் நின்ற பிறகு, கறை இல்லாத சட்டையோடு, ரெஃப்ரி அனுமதித்தால்தான் உள்ளே வரலாம். கோல் போட்டுச் சட்டையைக் கழற்றினால் மஞ்சள் அட்டை. ஏற்கெனவே ஒன்று வாங்கியிருந்தால் அது சிவப்பு, உங்கள் நாயகன் அழுதுகொண்டே நடக்க வேண்டியதுதான். சமனான ஆட்டத்தைப் பெனால்டியால் முடிவு செய்யும் ஷூட் அவுட்டில், ஆட்டம் முடியும்போது மைதானத்தில் இருந்தவர்கள் மட்டுமே அடிக்கலாம். கால் கட்டோடு பெஞ்சில் இருப்பவன் நொண்டி நொண்டி வந்து கடைசி பெனால்டி அடிக்க முடியாது. நேரம் முடிந்த பிறகு பெனால்டிக்காக மட்டும் நீட்டித்திருந்தால், கோலி தட்டிவிட்ட பந்தை ஓடி வந்து உள்ளே தள்ளுவது செல்லாது, அந்த அடியோடு கதை முடிந்தது. த்ரோ, கார்னர், கோல் கிக் மூன்றிலும் பந்தை நேராக வாங்குபவனுக்கு ஆஃப்சைடு கிடையாது. ஃப்ரீ கிக்கைத் தடுக்க ஆட்களைச் சுவராக நிறுத்தும்போது மூன்று பேரோ அதற்கு மேலோ நின்றால் எதிரணி ஆள் 1 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும், நடுவில் புகுந்து தள்ளுமுள்ளு செய்வதெல்லாம் 2019க்கு முந்தைய கதை.

ஒளிப்பதிவாளருக்கு: பந்து உங்கள் கேமராவைவிட வேகமானது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அடித்த பந்து வினாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் போகும். வினாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்தால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பந்து 1.16 மீட்டர் நகர்ந்துவிடும். பெனால்டிப் புள்ளியிலிருந்து கோல் கோட்டுக்கு 11 மீட்டர், 0.4 வினாடி, மொத்தம் 9 அல்லது 10 ஃபிரேம்தான். ஷட்டர் 1/50 என்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் பந்து அரை மீட்டருக்கு மேல் இழுவிக்கொண்டு, 22 செ.மீ. பந்து வாழைக்காய் மாதிரி தெரியும். அதனால்தான் பல படங்களில் கணினியில் பந்து போட்டு, அது காற்றில் நீந்துகிற மாதிரி ஆகிவிடுகிறது. அசல் பந்தை அடிக்க வையுங்கள். பந்து மட்டும் வரும் ஷாட்டுகளை 100 ஃபிரேமில் எடுங்கள், ஃபிரேமுக்கு 28 செ.மீ.தான் நகரும். 96, 120 என்று போகாமல் 100 என்று சொல்வதற்குக் காரணம் இரவு விளக்குகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய மெட்டல் ஹாலைட் விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கும். அந்தத் துடிப்போடு ஒத்துப்போகாத ஃபிரேம் எண்ணிக்கையில் எடுத்தால் கோலி பாயும்போது மைதானமே மினுக்கும். 24 ஃபிரேமில் எடுக்கும்போது ஷட்டர் கோணத்தை 172.8ல் வைத்தால் 1/50 கணக்கு சரியாக வரும்.

நடிகருக்கு மூன்று மாதப் பயிற்சி என்று பேட்டியில் சொல்லுவீர்கள். மூன்று மாதத்தில் ஒருவரை ஆட்டக்காரர் ஆக்க முடியாது. ஆட்டக்காரர் மாதிரி தெரிய வைக்கலாம், அதற்கு ஒரே ஒரு பழக்கம் போதும்: பந்து வருவதற்கு முன்னால் தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்ப்பது. சம்பளம் வாங்குகிறவன் பந்து காலுக்கு வருவதற்குள் இரண்டு, மூன்று முறை அப்படிப் பார்த்துவிடுவான். நடிகர்கள் பந்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அங்கேயே குட்டு உடைந்துவிடும். முட்டிக்குக் கீழே வரும் ஷாட்டுக்கு டூப் வைத்துக்கொள்ளுங்கள், கழுத்து நடிகருடையதாக இருக்கட்டும்.

பந்தைத் தலையால் முட்டும் ஹெட்டிங் காட்சியை 30 டேக் எடுக்காதீர்கள். இங்கிலாந்தில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே பயிற்சியில் வாரத்துக்கு 10 பலமான ஹெட்டருக்கு மேல் வேண்டாம் என்று 2021ல் வழிகாட்டி வந்துவிட்டது. 5ஆம் எண் பந்து 410 முதல் 450 கிராம். ஒத்திகைக்கு ஸ்பாஞ்ச் பந்து, டேக்குக்கு எடை குறைந்த பந்து. பந்துக்குள் காற்றும் 0.6லிருந்து 1.1 அட்மாஸ்ஃபியர் அழுத்தம்தான் விதி. செட்டில் பந்தைக் கல்லு மாதிரி அடித்து வைப்பார்கள், துள்ளித் துள்ளி யார் காலிலும் நிற்காது. கீழ் அளவுக்கு இறக்கி வையுங்கள்.

மைதானம் நீங்களே போடப்போகிறீர்கள் என்றால்: 105 மீட்டருக்கு 68. மூலை நேராக வர 3, 4, 5 மீட்டர் கயிறு முக்கோணம். கோல் உள்ளளவு 7.32க்கு 2.44. கம்பத்தின் உள்பக்கத்திலிருந்து இரு பக்கமும் 16.5 அளந்தால் பெரிய பாக்ஸ் 40.32 மீட்டர் வரும், ஆர்ட் டிபார்ட்மென்ட் 40 என்று முழுசாக்கிவிட வேண்டாம். கோட்டுக்குச் சுண்ணாம்புத் தூள் வாங்கும்போது சாக்குக் கட்டித் தூளாகப் பார்த்து வாங்குங்கள். வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு, தண்ணீர் ஊற்றி நீற்றியதோ நீற்றாததோ, வியர்த்த தோலில் பட்டால் புண்ணாக்கும், சறுக்கி விழுபவன் கண்ணில் போனால் பார்வையே போகலாம். நகர்த்தும் கோல் போஸ்ட்டைக் கேமராவுக்காக அங்கே இங்கே இழுப்பீர்கள். ஒவ்வொரு முறையும் பின் கட்டையில் மணல் மூட்டை ஏற்றிய பிறகுதான் ஆளை விட வேண்டும். அது முன்பக்கம் கவிழும் இரும்பு.

காற்றையும் கணக்கில் வையுங்கள். ஏப்ரல், மே, ஜூனில் காலையில் தரைக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும், மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து ஏறும். காலையில் எடுத்த ஷாட்டில் கார்னர் கொடி ஒரு பக்கம், அதே கார்னரை மாலையில் எடுத்தால் எதிர்ப்பக்கம். எடிட்டிங் மேஜையில்தான் கண்டுபிடிப்பீர்கள். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர்வரை மைதானக் காட்சியே வைக்காதீர்கள். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியது, ‘தானே’ புயல் 2011 டிசம்பர் 30 காலை. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் சூரிய உதயத்தில் ஓடுவதாக ஒரு ஷாட் இருக்கும், இல்லாமல் எங்கே போகும். மேட்சுக்கு முந்தைய நாளாக அதை வைக்காதீர்கள், உதிர் மணலில் ஓடினால் மறுநாள் கெண்டைக்கால் கல்லாக இருக்கும். அலை நனைத்த இறுகிய மணலில் ஓட விடுங்கள். கரை சரிவாக இருப்பதால் போன தூரமே திரும்பவும் ஓட வேண்டும், ஒரே பக்கம் ஓடினால் ஒரு இடுப்பு மட்டும் அடி வாங்கும்.

கடைசியாக, ஷூட்டிங் முடிந்த இரவு. டிராலி தண்டவாளம் கிடந்த இடத்தில் மண் இரண்டு விரல் அமுங்கியிருக்கும். கிரேன் சக்கரம் திரும்பிய இடம் பள்ளம். ஆணி, கேபிள் டை துண்டு, உடைந்த பல்பு எல்லாம் புல்லுக்குள் கிடக்கும். பள்ளத்தில் மண் போட்டு, தண்ணீர் தெளித்து, கையால் அழுத்தி விடுங்கள். காந்தம் கட்டிய கட்டையை இழுத்து ஆணியைப் பொறுக்குங்கள். உள்ளூர் மைதானமாக இருந்தால் மறுநாள் காலை 6 மணிக்கு 12 வயதுப் பிள்ளைகள் பயிற்சிக்கு வந்துவிடுவார்கள், அவர்களில் பாதிப் பேருக்கு பூட்ஸ் கிடையாது.

இப்படிக்கு,
கடலூர், புதுச்சேரி கால்பந்துப் பயிற்சியாளர்கள், நடுவர்கள், பிசியோக்கள், மைதானப் பணியாளர்கள்